முள் ஏறவில்லை

ராஜகீழ்ப்பாக்கம்,
ஜூன் 2

அன்புள்ள ஓவியாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை கிரீஷும் அந்த ஊர்க் குளிரெல்லாம் விட்டு இப்போது கொஞ்சம் வெயில் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் முறை. இந்தத் தடவை அப்படிப் போக முடியவில்லை. முழுக்கப் படித்துவிட்டு நாங்கள் எந்த அளவுக்கு நலம் என்பதை நீயே முடிவு செய்துகொள். தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷன் எதற்கு இப்போது தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஐந்து நிமிடத்தில் அழித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். ஸ்பீடு போஸ்டில் சேர்த்துவிட்டால் அதற்குப் பின்னால் துரத்திக்கொண்டு ஓடுகிற வயது எனக்கு இல்லை.

போன வாரம் பேசும்போது உன் காரில் கூலன்ட் விளக்கு எரிகிறது, என்ன பார்க்கணும்ப்பா என்று கேட்டாய். முப்பத்து நான்கு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தினவனிடம் கேட்டுவிட்டாய், பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள். இன்னொன்று, அந்தக் கேளம்பாக்கம் வீட்டுக்கு நாங்கள் ஏன் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதும் இதற்குள்ளேதான் இருக்கிறது. வயதானவர்களுக்கென்று கட்டின அந்தக் குடியிருப்பில் எங்களுக்காக ஒரு வீட்டைப் பிடித்துவைத்து, நேரில் போய்ப் பார்த்துவிட்டு ஜூன் முப்பதுக்குள் சரி, வேண்டாம் இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்று நீ சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போனால் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேருகிற இடம். இரண்டு தடவை புறப்பட்டு இரண்டு தடவையும் பாதியில் திரும்பினோம். வண்டி சூடாகிறதும்மா, நான் என்ன செய்ய என்று உன்னிடம் சொன்னேன். வண்டி சூடானது சத்தியம். ஏன் சூடானது என்பதைத்தான் சொல்லவில்லை.

முதலில் பாடம். எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிந்து வருகிற சூட்டில் பாதிகூடச் சக்கரத்துக்குப் போவதில்லை. மீதிச் சூட்டை வெளியே எடுக்காவிட்டால் இரும்பே வளைந்துபோகும். அதற்காக எஞ்சினைச் சுற்றி ஒரு திரவம் ஓடிக்கொண்டே இருக்கிறது. சூட்டை வாங்கிக்கொண்டு முன்னால் இருக்கிற ரேடியேட்டருக்கு வரும், அங்கே காற்றுப் பட்டு ஆறி மறுபடி உள்ளே போகும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும். சிக்னலில் நின்றுவிட்டால் காற்று ஏது, அப்போது ரேடியேட்டரை ஒட்டியிருக்கிற ஃபேன் சுற்ற வேண்டும். மேலே ஒரு மூடி உண்டு, அது நம் குக்கரின் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் நூறு டிகிரியைத் தாண்டினாலும் தண்ணீர் கொதிக்காது. அந்தச் சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, கொதிக்காமல் இருந்த அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து மேலே பீய்ச்சும். இதை நான் எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை. விடையை மறந்துபோன ஒரே ஆள் நான்தான்.

இனி என் பங்கு. நம் தெருவில் எல்லா வீட்டு போர் தண்ணீரும் உப்பு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்ரூம் குழாய் ஆறு மாதத்தில் வெள்ளை பூத்து அடைத்துக்கொள்ளும். குடிக்கவும் சமைக்கவும் நாம் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம். கறிவேப்பிலைச் செடிக்குக்கூட ஆகாது என்று உன் அம்மா அரிசி கழுவின தண்ணீரை ஊற்றுகிறாள். இவ்வளவும் தெரிந்த நான் ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த போர் தண்ணீரைச் சொம்பில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றிவந்தேன். கூலன்ட் என்பது பச்சைச் சாயம் கலந்த தண்ணீர், அதற்கு ஒரு பெயரை வைத்து விற்கிறார்கள் என்பது என் கட்சி. வாரா வாரம் ஒரு சொம்பு குறைகிறதே, அது எங்கே போகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மூடின சுற்றில் தண்ணீர் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது, இல்லாவிட்டால் எஞ்சினுக்குள்ளேயே போய் ஆவியாகிறது. நான் அதை வண்டிக்குத் தாகம் என்று எடுத்துக்கொண்டேன். நீ அப்படி இருக்காதே. காலையில் வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து, அந்த பிளாஸ்டிக் டப்பாவில் திரவம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்கிறதா என்று பார். வண்டிக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பார். குறைந்திருந்தால் உன் வண்டிப் புத்தகத்தில் எந்தக் கூலன்ட் போட்டிருக்கிறதோ அதையே ஊற்று. வெறும் தண்ணீரை ஊற்றிவைத்தால் உங்கள் ஊர் ஜனவரியில் அது உறைந்து எஞ்சினையே பிளந்துவிடும். ஊற்றினது மறுபடி குறைந்தால் கடைக்கு எடுத்துப் போ, என் கட்சியில் சேராதே.

முதல் தடவை நாங்கள் புறப்பட்டது மே ஐந்தாம் தேதி, கத்திரி தொடங்கின மறுநாள். சோழிங்கநல்லூர் தாண்டும்போதே டேஷ்போர்டில் முள் பாதிக்கு மேலே ஏறிவிட்டது. ஏசியை அணைத்தேன். ஹீட்டரைப் போட்டால் எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தேன், அது சரிதான், ஓரம் கட்ட இடம் கிடைக்கும்வரை செய்யக்கூடிய வைத்தியம்தான். மே மாதம் பகல் பதினொரு மணிக்கு ஹீட்டரை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு ஓஎம்ஆரில் போன ஒரே தம்பதி நாங்களாகத்தான் இருப்போம். உன் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் காற்றில் அனல் குறைந்தது. பரவால்லையே, சூடு கம்மியாயிடுச்சே என்றாள். பார்த்தாயா, படிப்பு என்றால் சும்மாவா என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓவியா, இதை மட்டும் எழுதிவைத்துக்கொள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஹீட்டரில் சூடு நின்றுபோனால் எஞ்சின் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை, ஹீட்டருக்கு வருவதற்குத் தண்ணீரே மிச்சமில்லை என்று அர்த்தம். நான் நிமிர்ந்து உட்கார்ந்த அதே நிமிடம் முள் சிவப்புக்குப் போய் முன்னால் வெள்ளையாகப் புகை கிளம்பியது.

நாவலூர் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி, முக்கால் மணி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆறட்டுங்க, அங்க என்ன அவசரம், முகூர்த்தமா தவறிப்போகுது என்று உன் அம்மா சொன்னாள். எனக்குத் தெரியும் என்றேன். இந்த ஒரு வாக்கியத்தால் நான் பட்டது கொஞ்சநஞ்சமில்லை. பின் சீட்டிலிருந்த துண்டை எடுத்து மூடியின் மேல் போட்டுத் திருகினேன். வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோனது. முகத்தில் படாதது நான் செய்த புண்ணியமில்லை, உன் அம்மா சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்ததுதான். ஒரு தண்ணீர் லாரிக்காரர் எங்களைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரோடு தெய்வம் வந்து நின்றது என்று வைத்துக்கொள். பின்பக்கக் குழாயைத் திறந்து என் கையை அதன் கீழே பிடித்து, எடுக்கக் கூடாது சார், அப்டியே வெச்சினு இரு, எரிச்சல் அடங்கங்காட்டியும் வெச்சினு இரு என்றார். பிறகு என் கண்ணாடியையும் பாக்கெட்டில் இருந்த பேனாவையும் பார்த்துவிட்டு, இன்னா சார், பாத்தா படிச்சவராட்டம் கீறே, சூட்டுல மூடியத் தொறக்கலாமா, எம் பொண்ணு அஞ்சாவது பட்ச்சினு கீது, அத்துக்கே தெரியுமே என்றார். என்ன வேலை பார்த்தேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அந்த வாரமெல்லாம் நீ வீடியோவில் கேட்டாயே, என்னப்பா இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை என்று. ஏசி குளிர்கிறது என்றேன். நம் வீட்டு ஏசி எவ்வளவு குளிரும் என்பது தெரிந்தும் நீ நம்பினாய். இப்போது புதுத் தோல் வந்துவிட்டது, டாக்டர் இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால்தான் எழுதுகிறேன், பதறாதே.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து ஜங்ஷனுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஏசுபாதத்திடம் விட்டோம். கையில் கட்டு இருந்ததால் என் போனை உன் அம்மாதான் எடுத்துப் பேசிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவர் போன் பண்ணி எடுத்த எடுப்பில், யம்மா, சார் வருசக்கணக்கா தண்ணி ஊத்தினு இருந்துகீறாரு, உள்ள பூரா அரிச்சிப் பூட்ச்சி, வெளியே பாத்தா ஒண்ணும் தெரியாது, இனிமே தாங்காது என்றிருக்கிறார். நான் அப்போது ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா போனைக் காதில் வைத்தபடியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்த பார்வை இருக்கிறதே. எங்க வெச்சுக் குடிக்கிறீங்க, மாடியிலயா என்று கேட்டாள். நாற்பத்தொரு வருடம் கட்டிக்கொண்டு வாழ்ந்தவள், ஒரு நிமிடம்கூட, இவரா, இருக்காதே என்று யோசிக்கவில்லை பார். ஏசுபாதம் ரேடியேட்டர், ஓசு என்று அடுத்த வார்த்தைகளைச் சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. வருத்தப்பட்டாளா, நிம்மதிப்பட்டாளா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உள்ளே இருந்து வடித்த தண்ணீர் செம்மண் குட்டை நிறத்தில் இருந்ததாம். குழாய்களில் உப்பு சுண்ணாம்பு மாதிரி படிந்து பாதிக்கு மேல் அடைப்பு, அடியில் இருக்கிற ரப்பர் ஓசில் கீறல், வாரா வாரம் என் சொம்புத் தண்ணீர் போன வழி அதுதான். ரேடியேட்டர், ஓசு, மூடி எல்லாவற்றையும் மாற்றி நல்ல கூலன்ட் ஊற்றினார். எஞ்சின் தப்பித்தது பாக்கியம் என்றார், யாருடைய பாக்கியம், வண்டியுடையதா என்னுடையதா தெரியவில்லை. என்னால் போக முடியாததால் வேலை நடந்த இரண்டு நாளும் உன் அம்மாதான் ஒர்க்‌ஷாப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வண்டியைக் காவல் காக்கப் போனவள் அவரிடம் இது என்ன, அது எதுக்கு என்று கேட்டுக் கேட்டு பாதி மெக்கானிக்காகத் திரும்பி வந்தாள். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அடுத்த காரியத்தைச் செய்திருக்க மாட்டேன்.

ஏனென்றால் வண்டி சரியாகிவிட்டது ஓவியா. கேளம்பாக்கம் போகாமல் இருக்க என்னிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. கையும் ஆறிக்கொண்டு வந்தது, மே இருபத்து நான்கு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று உன் அம்மா நாள் குறித்துவிட்டாள். முந்தின நாள் சாயங்காலம் வண்டி துடைக்கிற சாக்கில் பானெட்டைத் திறந்து, ஃபியூஸ் பெட்டியில் ஃபேனுக்குரிய ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். விரல் நகம் அளவு பிளாஸ்டிக். அது இல்லாவிட்டால் வண்டி ஓடும்போது ஒன்றும் ஆகாது, நெரிசலில் நின்றால் மட்டும் முள் ஏறும். மேடவாக்கம் கூட்டு ரோட்டில் நெரிசல் இல்லாத நாள் உண்டா, நான் எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த நேரத்தில் முள் ஏறியது. சிவப்பைத் தொடுவதற்கு முன்னாலேயே, இந்த ஏசுபாதம் சரியாகப் பார்க்கவில்லை, விஷப்பரீட்சை வேண்டாம் என்று வண்டியைத் திருப்பினேன். ஒரு நல்ல தொழிலாளியின் பெயரையும் கெடுத்தேன். திரும்பி வரும்போது சாலை காலியாக இருந்தது, காற்று அடித்தது, முள் தானாக நடுவுக்கு இறங்கிவிட்டது. உன் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கிடுச்சே, திரும்பப் போலாமா என்று கேட்டாள். ரிஸ்க் என்றேன். சரி என்றாள். அவள் உடனே சரி என்றால் அது சரியில்லை என்பதை நான் இத்தனை வருடத்தில் கற்றிருக்க வேண்டும்.

ஃபியூஸ் அந்தச் சட்டைப் பையிலேயே இருந்தது. சட்டை துவைக்கப் போய்விட்டது என்று இரண்டு நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. கொடியில் காய்ந்த சட்டையின் பையைத் தடவிப் பார்த்தேன், இல்லை. வாஷிங் மெஷினில் எங்கோ போய்விட்டது, நல்லதாய்ப் போயிற்று, தடயம் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை, முந்தாநாள், மறுபடி புறப்படலாம் என்று உன் அம்மா சொன்னபோது நான் மறுக்கவே இல்லை. முதல் ஆளாகக் குளித்துவிட்டுத் தயாரானேன். கூட்டு ரோட்டில் ஒரு கால்மணி, அப்புறம் வீடு, மத்தியானம் தூக்கம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மேடவாக்கம் கூட்டு ரோட்டில் அன்றைக்கு நல்ல நெரிசல். ஒரு பஸ் குறுக்கே திரும்ப முடியாமல் நின்றது. நான் முள்ளைப் பார்த்தேன், நடுவில் இருந்தது. மூன்று சிக்னல் விழுந்தது, முள் நடுவிலேயே இருந்தது. ஏசியைக் கூட்டி வைத்தேன், ஏசி ஓடினால் சுமை கூடும். முள் அசையவில்லை. முன்னால் ஒரு இரைச்சல் கேட்டது, அது ஃபேன் சத்தம் என்று என் காதுக்குத் தெரிந்தது, புத்திக்கு ஏறவில்லை. சோழிங்கநல்லூரிலும் நின்றோம். பத்து வருடம் இந்த வண்டி சூடாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டவன், அன்றைக்குத்தான் ஏறு, ஏறு, ஒரு கோடாவது ஏறு என்று உள்ளுக்குள் மன்றாடினேன். உன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கட்டடங்களை வேடிக்கை பார்த்தாள். நாவலூர், படூர் எல்லாம் தாண்டி கேளம்பாக்கம் குடியிருப்பின் கேட்டுக்குள் நுழைந்து வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தும்வரை அந்த முள் நடுவை விட்டு நகரவில்லை. வண்டி அவ்வளவு ஆரோக்கியமாக ஓடி நான் பார்த்ததே இல்லை.

நான் இறங்கவில்லை. அவளும் இறங்கவில்லை. என்ன, முள் ஏறலையேன்னு பாக்கறீங்களா என்று கேட்டாள். துவைக்கும்போது சட்டைப் பையில் அந்த பிளாஸ்டிக் ஃபியூஸ் கிடைத்ததாம். மாத்திரையா, என்ன கண்றாவி என்று தெரியாமல் காய்கறி வாங்கப் போகும்போது ஏசுபாதத்திடம் காட்டியிருக்கிறாள். ஃபேன் ஃபியூஸ் இது, எரியவே இல்லையேம்மா, நல்லாத்தான் கீது, யாரு கழட்னது என்று அவர் கேட்டிருக்கிறார். இவள் யாரென்று சொல்லவில்லை. நான் மத்தியானம் தூங்கும்போது அவரை வரச்சொல்லி மாட்டவைத்திருக்கிறாள். ஒரு வாரமாக எதுவும் சொல்லாமல் எனக்கு இட்லி வார்த்துப் போட்டிருக்கிறாள். இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டு, உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம்னு வாயால சொல்லுங்களேன், அந்த வாயில்லாத வண்டிய ஏன் சொல்ல வைக்கிறீங்க என்றாள்.

சொன்னேன். எனக்கு வேண்டாம், பயமாக இருக்கிறது என்றேன். உனக்கும் சொல்கிறேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் பால் கடையிலிருந்து பேங்க் வரைக்கும் எல்லோருக்கும் நான் சார். தெருவில் கால் வைத்தால் நாலு பேர் வண்டியை நிறுத்தி வணக்கம் சார் என்கிறார்கள், அதில் இரண்டு பேரை நான் பெயில் போட்டிருப்பேன். கேளம்பாக்கத்தில் ரிட்டயர்டு டாக்டர், ரிட்டயர்டு இன்ஜினியர், கல்லூரி முதல்வர், ஒரு நீதிபதிகூட இருக்கிறாராம். அங்கே எல்லோருமே சார். எல்லோரும் சாராக இருக்கிற இடத்தில் நான் யார், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற இன்னொரு கிழவன். வெட்கக்கேடான காரணம்தான். ஆனால் உண்மை அதுதான்.

உன் அம்மா முழுக்கக் கேட்டாள். பிறகு, எனக்கு வேணும் என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து இந்த இரண்டு வார்த்தையை நான் கேட்டதே இல்லை ஓவியா, புடவைக் கடையில்கூட, உங்களுக்குப் பிடிச்சா எடுங்க என்றுதான் சொல்வாள். அன்னைக்கு ரோட்ல உங்க கை வெந்து நிக்கறீங்க, நான் போனை வெச்சுக்கிட்டு யாருக்குப் பண்றதுன்னு தெரியாம நின்னேன், இது எந்த இடம்னு கேட்டா சொல்லத் தெரியாது, கைய ஆட்டி ஆட்டிப் பாத்தேன், ஒரு கார் நிக்கல, அந்த லாரிக்காரர் வரலைன்னா என்ன பண்ணியிருப்பேன், கையோட போச்சு, நாளைக்கு நெஞ்சுன்னா நான் எந்த ரோட்ல போய் நிப்பேன், ஓவியாவுக்குப் பண்ணா அது அங்க உக்காந்து அழும், வேற என்ன பண்ணும் என்றாள். அழவில்லை, திட்டவில்லை, பேங்கில் விவரம் கேட்கிற மாதிரிதான் பேசினாள். அதோடு, நான் வீட்ட விட்டு வரமாட்டேங்கறேன்னு அவகிட்ட நாலு தடவ சொன்னீங்க, சமையல் ரூமுக்கும் காது இருக்கு என்றாள்.

ஆமாம் ஓவியா, சொன்னேன். அம்மாவுக்கு மனசில்லைம்மா, அவளைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று உன்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னதெல்லாம் பொய். மனசில்லாதவன் நான். அவள் பெயரைப் போட்டால் நீ மேலே பேச மாட்டாய் என்று தெரிந்துதான் போட்டேன். ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே, நீயும் அவளைக் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டாய், என் பதிலைத்தான் எடுத்துக்கொண்டாய். நாம் இரண்டு பேரும் படித்தவர்கள்.

பிறகு உள்ளே போனோம். இடத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது, படிக்கட்டு இல்லை, நர்ஸ் இருக்கிறார், ஒரு மணியை அழுத்தினால் இரண்டே நிமிடத்தில் ஆள் வருகிறார், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சோதித்தேன். நீதிபதி என்னிடம் அவர் காரில் ஏசி குளிரவில்லை, என்னவாக இருக்கும் என்று கேட்டார், ஒரு பத்து நிமிடம் விளக்கினேன். மத்தியானம் அங்கேயே சாப்பிடச் சொன்னார்கள். கத்திரிக்காய்க் கூட்டு, வத்தக்குழம்பு, ரசம். கூட்டில் உப்பு குறைச்சல் என்று நான் சொல்லிக்கொண்டே தலையை நிமிர்த்தினேன். உன் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நம் வீட்டில் நான் உட்கார்ந்தால் அவள் நிற்பாள், நீ உட்கார்ந்தாலும் நிற்பாள், அப்பளம் எடுக்க ஒரு தடவை, தண்ணீர் எடுக்க ஒரு தடவை என்று எழுந்து எழுந்துதான் அவள் சாப்பாடு முடியும், அதுதான் சாப்பிடுகிற முறை என்று நான் நினைத்திருந்தேன். அங்கே பரிமாறுகிற பெண் வந்தபோது உன் அம்மா தட்டை நகர்த்தி, இன்னும் கொஞ்சம் ரசம் போடும்மா என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். உட்கார்ந்த இடத்திலேயே, கடைசி வாய் வரைக்கும். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மோர் காரம் என்றேன்.

வண்டியில் ஏறினதும், வந்துவிடலாம் சுபத்ரா என்றேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. எனக்காக வரேன்னு அவகிட்ட சொல்லாதீங்க, நான் வரமாட்டேன்னு சொன்னீங்களே, அத மொதல்ல எடுங்க என்றாள். அதை எடுக்கத்தான் இவ்வளவு பக்கம். எனக்கு அங்கே போக இப்போதும் முழு மனசில்லை, அதையும் மறைக்கவில்லை, ஆனால் போகிறேன். உன் அம்மா ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

உன் வண்டியை உடனே பார், தள்ளிப்போடாதே. சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதே, கிரீஷ் எனக்குத் தெரியும் என்று சொன்னால் அவர் கையை என் பெயரைச் சொல்லித் தட்டிவிடு. உடம்பைப் பார்த்துக்கொள், தூங்கும்முன் போனைத் தூர வை, வாரத்தில் ஒரு நாளாவது கீரை சாப்பிடு. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீண்ட காலம் ஒருவருக்கொருவர் உண்மை பேசி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஜூன் முப்பதுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது ஞாபகம் இருக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய், என் போனுக்கு வேண்டாம், அம்மா போனுக்கு. வீட்டைப் பற்றி அவளையே கேள். நீ கூப்பிடுகிறாய் என்று தெரிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறேன், பக்கத்தில் நின்று பதில் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

உன் அன்பு அப்பா,
தினகரன்